ஜன்னல் வழியே பார்த்த முப்பத்தொரு பேர்

பதினேழாவது கட்டுரையில்தான் மேடத்துக்கு மூக்கு வியர்த்தது.

சமூகவியல் இரண்டாம் ஆண்டுக்கு அவர் கொடுத்திருந்த வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. வீட்டில் வேலைக்குப் போகிற ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துப் பேச வேண்டும். என்ன வேலை, எப்படிச் செய்கிறார், அந்த வேலை அவரை என்ன பாடு படுத்துகிறது என்று கேட்டு ஐந்து பக்கம் எழுத வேண்டும். இருபது மதிப்பெண். ஐம்பத்தெட்டுப் பேரும் நேரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் ஒரு வகுப்பு முழுவதும் நேரத்துக்குக் கொடுத்ததே இல்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டுரையில் ஒரு பெரியப்பா, கேள்வியைக் கேட்டதும் சற்று நேரம் மௌனமாக ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். சரி, பெரியப்பா என்றால் பார்ப்பார்தான். ஆறாவதில் ஒரு அம்மா பார்த்தார். ஒன்பதாவதில் ஒரு அக்கா. பன்னிரண்டாவதில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் அத்தை. பதினேழாவதில் ஒரு மாமா. அவர் ஒரு பெரிய கட்டடத்தில் தரைக்குக் கீழே மூன்றாவது தளத்தில், கார் நிறுத்துமிடத்தில் காவலாளி. அவரும் தன் அறை ஜன்னல் வழியே தொடுவானத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேலை என்பது வெறும் வேலை அல்ல" என்றார்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். மீதிக் கட்டுரைகளை எடுத்து ஜன்னலை மட்டும் தேடினார். முப்பத்தொரு ஜன்னல்.

அன்று மாலை சோபாவில் உட்கார்ந்திருந்த கணவரிடம் போய் நின்றார். கணவருக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை.

"ஏங்க, உங்க வேலை உங்களுக்கு என்ன கத்துக்குடுத்துச்சு?"

"என்ன?" என்றார் கணவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க வேலை. என்ன கத்துக்குடுத்துச்சு?"

"மூச்சப் புடிங்க, விடுங்கன்னு சொல்லக் கத்துக்குடுத்துச்சு. கொஞ்சம் தள்ளு, மறைக்குது."

மேடத்துக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. உயிரோடு இருக்கும் மனுஷன் யாரும் ஜன்னலைப் பார்ப்பதில்லை. முப்பத்தொரு கட்டுரைகளிலும், ஜன்னல் வந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டி ஒரு வரிகூடப் படிக்காமல், முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு முட்டை போட்டார். கை சலிக்கவில்லை. மாணவர்கள் தனக்கு 'முட்டை மேடம்' என்று பெயர் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மறுநாள் துறைக் கூட்டம். கூட்டத்தின் ஒரே பொருள், மாணவர்கள் ஏஐ வைத்து எழுதுவது பற்றித் துறையின் கருத்து என்ன என்பது. டீன் ஒருமித்த கருத்தாகக் கேட்டிருந்தார். துறையில் நான்கு பேர்; அவர்கள் ஒருமித்தது கடைசியாக ஃபோட்டோகாப்பி இயந்திரத்தைத் திட்டியபோதுதான்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கும் மனிதர். எந்தப் பிரச்சினையும் அந்த ஒன்றரை வருடத்தைத் தாண்டி வெடித்தால் போதும் என்பது அவர் கொள்கை. "என்னக் கேட்டா, அது பாவம், ஒரு கருவி. அவ்வளவுதான். டீனுக்குப் பதில் எழுத நான் அதத்தான் வச்சிக்கிறேன். அவரும் எனக்கு அதுலதான் எழுதுறார்னு நெனைக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு மரியாதையா பேசிக்கிட்டதே இல்ல."

"அது வேற சார்," என்றார் புள்ளியியல் எடுப்பவர். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு சதவீதம் வைத்திருப்பார் என்பதால் அவருக்குச் 'சதவீதம்' என்றே பெயர். "மனுஷன் எழுதுனதா மெஷின் எழுதுனதான்னு கண்டுபிடிக்க எங்கிட்ட ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. போட்டா சொல்லிடும். மனசாட்சி மாதிரி. தப்பவே முடியாது."

"எங்க, போடுங்க பாப்போம்," என்றார் நால்வரில் இளையவர், போன வருடம் வேலைக்குச் சேர்ந்த தாடிக்காரர். அவர் கட்சி வேறு. மாணவர்கள் தாராளமாக ஏஐ வைத்து எழுதலாம், அதை எப்படிக் கேள்வி கேட்பது என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பார். அவர் வகுப்பில் கூட்டம் அலைமோதும்.

சதவீதம் மடிக்கணினியைத் திறந்தார். முதலில் தலைவரின் சுற்றறிக்கை. நூற்றுக்கு நூறு மெஷின். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து, ஒரு சோதனைக்காக, மேடம் இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் அத்தியாயம்.

திரையில் அறுபத்தெட்டு என்று வந்தது.

"அப்ப இந்த மெஷினே பொறக்கல!" என்று மேடம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அறுபத்தெட்டு சதவீதந்தானே மேடம்," என்றார் சதவீதம், ஆறுதல் சொல்கிற குரலில். "முப்பத்திரண்டு நீங்கதான்."

தாடிக்காரர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, வெளியே ஓடினார். அவர் திரும்பி வந்ததும் மேடம் பேசினார். சாஃப்ட்வேரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். தன் வகுப்பில் முப்பத்தொரு பேர் கையும் களவுமாகச் சிக்கியிருக்கிறார்கள். அவர்களை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன், அதன் பிறகு கருத்து எழுதலாம் என்றார்.

"எப்படிப் பாப்பீங்க?" என்றார் தலைவர் கவலையோடு. "பெரிசாக்கிடாதீங்க மேடம்."

"ரொம்ப சுலபம் சார். யாரப் பத்தி எழுதினாங்களோ அவங்களக் கூட்டிட்டு வரச் சொல்றேன். ஜன்னலப் பாத்தது யாருன்னு நேர்ல பாத்துடலாம்."

அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் விட்டார். முட்டை வாங்கிய முப்பத்தொரு பேரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாங்கள் பேட்டி எடுத்தவரோடு வகுப்பறைக்கு வர வேண்டும். வராதவர்களின் முட்டை அப்படியே நிற்கும். யாரும் வர மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. பையன்கள் வீட்டில் சொல்லப் பயப்படுவார்கள், நேராகத் தன் அறைக்கு வந்து ஒப்புக்கொள்வார்கள். மூன்று பேர் அப்படி வந்து ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். மேடம் திருப்தியாகத் தேநீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்பறைக் கதவைத் திறந்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். அதாவது மாணவர்கள் போக இருபத்தாறு. சீருடையோடு சிலர், கைக்குழந்தையோடு ஒருத்தர், வேலைக்கு நடுவில் ஓடிவந்து, கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஒரு தையல்காரர். பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்றதும், பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் புது உடுப்பில் வந்தவர்கள் நான்கைந்து பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் மூன்று முறை "அமைதி, அமைதி" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். நாற்பது வயதிருக்கும். தடித்த காலணி, மஞ்சள் மேலங்கி. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, அப்படியே நின்றார். அறை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது.

"நன்றி," என்றார் மேடம், கொஞ்சம் மிரண்டுபோய்.

பெண்மணி தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மேடம் முதல் கட்டுரையை எடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்கான ஒரு மாமா. எழுதியது அவர் அக்கா மகன். மேடம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கத்தி மாதிரி தீட்டி வாசித்தார். "'மாமா ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: மனிதர்களை உயரத்துக்குக் கொண்டுசெல்வதில்தான் என் வாழ்வின் பொருள் இருக்கிறது.' இத நீங்க சொன்னீங்களா?"

பையன் பேயறைந்தது போல் உட்கார்ந்திருந்தான். மாமா எழுந்தார்.

"இல்லைங்க மேடம். நான் சொல்லல," என்றார். மேடம் வகுப்பை ஒரு வெற்றிப் பார்வை பார்ப்பதற்குள், "ஆனா நல்லா இருக்குங்க. இன்னொரு தடவ வாசிங்க, ஃபோன்ல எடுத்துக்கறேன். விசிட்டிங் கார்டுல போடலாம்," என்றார்.

பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

மேடம் அடுத்த கட்டுரையை எடுத்தார். துணிச் சலவைக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. "மேடம், அவன் மேல தப்பு இல்ல," என்றார் அந்த அம்மா, வாசிக்க விடாமலே. "கேள்வி கேக்கறேன்னு வந்தான். எனக்கு அன்னிக்கு நாப்பது போர்வை. அந்த ஏஐகிட்டக் கேட்டு எழுதிக்கோடா, என்ன உயிர வாங்காதேன்னு நான்தான் சொன்னேன். வேணும்னா அந்த முட்டைய எனக்குப் போடுங்க."

அதற்கடுத்து கார் நிறுத்துமிடத்துக் காவலாளி. தன் அறையில் ஜன்னலே கிடையாது, ஒரு மின்விசிறிகூடக் கிடையாது, இந்தக் கட்டுரையைப் பல்கலைக்கழக முத்திரையோடு கொடுத்தால் முதலாளியிடம் காட்டி ஒரு ஜன்னல் கேட்கலாம் என்றார். அவருக்குப் பலத்த ஆதரவு கிடைத்தது.

மேடத்துக்குக் காதோரம் சூடேறியது. குற்றவாளிகளை விசாரிக்க வந்த இடத்தில் சாட்சிகள் எல்லோரும் குற்றத்தின் பக்கம் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது? அவர் கடைசியில், வேறு வழி தெரியாமல், மெக்கானிக்கிடமே திரும்பினார். "சரிங்க. அவன் உண்மையா கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? உங்க வேலையப் பத்தி?"

மெக்கானிக் பிடரியைச் சொறிந்தார். எதையும் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தார். "என்னத்தச் சொல்றது. லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கறதுதான் பாதி வேலை. உள்ள இருக்கறப்ப எல்லாரும் உயிருக்குயிரா இருப்பாங்க. யார்னே தெரியாதவங்க கையப் புடிச்சிக்கிட்டு, குடும்பக் கதையெல்லாம் பேசிக்கிட்டு. கதவத் தொறந்தேன்னு வைங்க, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காம ஆளுக்கொரு பக்கம் ஓடுவாங்க. இருபது வருஷமா பாக்கறேன். ஒரு தடவகூட மாறல. எனக்கு மட்டும் சிரிப்பா வரும்."

வகுப்பறை சிரித்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே," என்றான்.

"நீ எங்கடா கேட்ட?"

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். ஏன் குறித்துக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. அடுத்த கட்டுரையை எடுத்தார். கடைசி வரிசை மஞ்சள் மேலங்கிக்காரருடையது. எழுதியவள் அவர் அக்கா மகள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு வருடமாக வாயே திறக்காத பெண்.

"'சித்தி பதில் சொல்லாமல் ஜன்னல் வழியே வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்,'" என்று வாசித்தார் மேடம். முன்பிருந்த கத்தி இப்போது அவ்வளவு கூராக இல்லை. "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் சித்தி.

"ஜன்னலயா?"

"ஆமா. தெனமும் பாப்பேன். வேலைலேந்து வந்ததும் அரை மணி நேரம்."

மேடத்துக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. "எதுக்கு?"

"கழுத்துக்கு மேடம். நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டறேன். மேல உக்காந்து, காலுக்கு நடுவுல கண்ணாடித் தரை இருக்கும், அது வழியா எட்டு மணி நேரம் குனிஞ்சு கீழயே பாக்கணும். கழுத்து அப்படியே நின்னுபோகுது. வீட்டுக்குப் போனா நிமிந்து தூரத்தப் பாருங்க, அதான் மருந்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார்." பிறகு, "அவ எழுதியிருப்பாளே. ரெண்டாவது பக்கத்துல," என்றார்.

மேடம் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார்.

இருந்தது. கழுத்து இருந்தது. டாக்டர் இருந்தார். மூன்றாவது பக்கத்தில், கிரேனிலிருந்து இறங்கி ஏற இருபது நிமிடம் ஆகும் என்பதால் சித்தி காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்றிருந்தது. நான்காவதில், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் சத்தத்தில் காது கேட்காது, கைச் சாடைதான் பேச்சு, அதனால் சித்தி வீட்டிலும் கோபம் வந்தால் கத்த மாட்டார், இரண்டு கையையும் விரிப்பார், சித்தப்பா அப்படியே நின்றுவிடுவார் என்றிருந்தது. எழுத்துப் பிழைகள் இருந்தன. ஒரு வாக்கியம் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த மெஷினும் அப்படி ஒரு வாக்கியத்தைத் தொங்கவிடாது. பாதி அறை பார்த்துக்கொண்டிருக்க, மேடம் ஐந்து பக்கத்தையும் நின்றபடியே படித்து முடித்தார்.

"இத நீ ஏம்மா எங்கிட்ட வந்து சொல்லல?" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் சித்தியைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள். "நீங்க படிச்சிட்டுதான் முட்டை போட்டீங்கன்னு நெனச்சேன் மேடம்."

மேடம் முதல் பக்கத்துக்குத் திரும்பி, தான் போட்ட முட்டையைப் பார்த்தார். "நான் படிக்கல," என்றார். "ஒரு வரியப் பாத்துட்டு மூடிட்டேன். தப்பு என்னோடது." பிறகு சித்தியைப் பார்த்து, "அரை நாள் லீவு போட்டு வந்திருப்பீங்க. மன்னிச்சிடுங்க," என்றார்.

சித்தி வலது கையின் கட்டைவிரலை மேலே காட்டி மெல்ல அசைத்தார். தூக்கலாம் என்று அர்த்தமா, போகட்டும் என்று அர்த்தமா, மேடத்துக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் நிம்மதியாக இருந்தது.

மீதி முப்பது பேரும் திரும்ப எழுத வேண்டும் என்றானது. அன்று மதியமே அந்தப் பெண்ணின் முட்டையை மாற்ற மேடம் தேர்வுப் பிரிவுக்குப் போனார். மதிப்பெண் திருத்தப் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் 'நான் படிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். "மேடம், இப்படியெல்லாம் எழுத முடியாது. எல்லாரும் எழுதறதையே நீங்களும் எழுதுங்க. 'கூட்டல் பிழை.'"

"முட்டைய எங்கங்க கூட்டறது?"

எழுத்தர் யோசித்தார். "அப்ப 'பக்கம் ஒட்டிக்கிட்டது'ன்னு போடுங்க."

"ஒட்டல. நான் திருப்பல."

"மேடம், இது ஆவணம். முப்பது வருஷத்துக்கு இருக்கும்."

"இருக்கட்டும்."

எழுத்தர் பெருமூச்சு விட்டு முத்திரையைக் குத்தினார். மேடம் போன பிறகு அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டியிருக்க வேண்டும்; மாலைக்குள் துறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

திருத்தி எழுதிய கட்டுரைகள் பத்து நாளில் வந்தன. படிக்க மேடத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. பாதிக்கு மேல் படுமோசமான நடை. சலவைக்கடை அம்மா எழுவாய் பயனிலை இல்லாமல் நான்கு பக்கம் பேசியிருந்தார், மகன் நிறுத்தக்குறி இல்லாமல் எழுதியிருந்தான். ஆனால் போர்வையில் நாய் மயிரையும் பூனை மயிரையும் இருட்டில் தொட்டே பிரித்துச் சொல்லிவிடுவாராம். மேடம் அதை எக்ஸ்ரே கணவருக்கு வாசித்துக் காட்டினார். கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக் கேட்டார். மேடத்தின் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு சாதனை. இரண்டு பேர் மட்டும் திருந்தவில்லை. ஜன்னல்தான் மேடத்துக்குப் பிடிக்காது என்று முடிவுகட்டி, மாமாக்களைப் பால்கனிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கட்டுரையையும் கடைசிப் பக்கம் வரை படித்த பிறகே முட்டை போட்டார்.

துறைக் கூட்டம் மறுபடி கூடியது. மேடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்த கருத்தை வாசித்தார். மாணவர் தானே எழுத வேண்டும். ஏஐ பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் ஆசிரியர் நேரில் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஆசிரியர் முழுவதையும் படிக்காமல் சந்தேகப்படக் கூடாது.

"கடைசி வரி வேணுமா?" என்றார் தலைவர். "டீன் நம்மள என்ன நெனைப்பார்?"

"எத்தன சதவீதம் படிச்சா போதும்னு போடலாமே," என்றார் சதவீதம். "எண்பது?"

"மேடம் சொல்றது சரி," என்றார் தாடிக்காரர். பிறகு கொஞ்சம் தயங்கி, "போன மாசம் என்னோட வகுப்புக் கட்டுரைகள நான் ஏஐகிட்டக் குடுத்துச் சுருக்கிதான் படிச்சேன். ஐம்பது இருந்துச்சு," என்றார்.

சதவீதம் தன் மடிக்கணினியை மெதுவாக மூடினார். கடைசி வரி அப்படியே டீனுக்குப் போனது.

மறுநாள் காலை மேடத்தின் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். கிரேன் சித்தியின் அக்கா மகள். கையில் மதிப்பெண் போட்டு வந்த கட்டுரை. இருபதுக்குப் பதினேழு.

"மேடம், மூணு மார்க் எங்க போச்சு?"

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நாலாம் பக்கத்துல எழுத்துப் பிழை பாரு. ஆறு இருக்கு. அப்புறம் இங்க ஒரு வாக்கியம் அந்தரத்துல தொங்குது."

"அது சித்தி அப்படித்தான் நிறுத்தினாங்க. நான் முடிச்சா பொய் ஆயிடுமே."

மேடம் வாக்கியத்தை மறுபடி படித்தார். 'மேலே இருக்கும்போது வீட்டைப் பற்றி நினைப்பாயா என்று கேட்டேன், சித்தி நினைக்காமல் இருக்கத்தான்.' அவ்வளவுதான் இருந்தது.

"சரி, அதுக்கு ஒண்ணு தர்றேன்," என்றார்.

"எழுத்துப் பிழைக்கு ரெண்டு அதிகம் மேடம். ஒண்ணுதான் குறைக்கணும்."

"முடியாது."

"ஒன்றரை?"

மேடம் நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. ஆறு பிழையையும் ஒவ்வொண்ணா பாக்கலாம்."

அந்தப் பெண் உட்கார்ந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். சீக்கிரம் எழுந்து போகிற உத்தேசம் அவளிடம் இருப்பதாகத் தெரியவில்லை.